ஒரு சானட்டை மொழிபெயர்க்கப் போய் நான் பட்ட பாடு

சானட் என்ற பதினான்கு வரி ஆங்கிலக் கவிதை ஒன்றைத் தமிழாக்க எனக்குப் பதினாறு மாதங்கள் பிடித்தன. கைவிட்டுப் போன பணம் 74,500 ரூபாய். லண்டன் போய்வந்த செலவை இதில் சேர்க்கவில்லை, அது மகளைப் பார்க்கப் போன செலவு. அச்சடித்த 300 பிரதிகளில் 40 கைமாறின. மீதி 260 கட்டுப் பிரிக்காமல் பரணில் இருக்கின்றன. அவற்றை இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதில் இருப்பது அந்தக் கவிதையே இல்லை. ஆரம்பத்திலேயே யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றின் மேல் மனசு போய், ராத்திரி ராத்திரியாகத் தனியாக உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கவிதை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டினா ரோசெட்டி எழுதியது. தலைப்பைத் தமிழில் ‘ஓர் ஓவியரின் கூடத்தில்’ என்று சொல்லலாம். விஷயம் இவ்வளவுதான். ஓர் ஓவியர் வேலை செய்யும் கூடத்துக்குள் சிலர் போகிறார்கள். பார்க்கிற சித்திரத்தில் எல்லாம் ஒரே முகம். உட்கார்ந்திருப்பவள், நடப்பவள், சாய்ந்திருப்பவள் எல்லாம் ஒரே பெண். ஒன்றில் ராணி, ஒன்றில் பெயரில்லாத சிறு பெண், ஒன்றில் புனிதவதி, ஒன்றில் தேவதூதி. ஓவியர் இரவும் பகலும் அந்த முகத்தை உண்டே வாழ்கிறார். படத்திலிருப்பவளும் அன்பான கண்களால் அவரைத் திரும்பிப் பார்க்கிறாள். காத்திருந்து வெளுத்துப்போனவளாக அல்ல, துயரத்தில் மங்கியவளாகவும் அல்ல. கடைசி இரண்டு வரியில்தான் கத்தி இருக்கிறது. அவள் இப்போது இருக்கிறபடி அந்தப் படங்களில் இல்லை. நம்பிக்கை ஒளிவிட்ட காலத்தில் எப்படி இருந்தாளோ, அவன் கனவை எப்படி நிறைக்கிறாளோ, அப்படித்தான் இருக்கிறாள்.

இந்தக் கவிதை என் கைக்கு வந்த நேரம் சரியில்லாத நேரம். என் மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நான்கு வருடம் வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். கடைசி வருடத்தில் முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரியும். காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்றபோது, கல்யாணமான புதிதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை நான் ஸ்டுடியோவில் கொடுத்தேன். வண்ணம் ஏற்றி, நெற்றியில் இருந்த சின்னத் தழும்பை எடுத்து, கழுத்தில் இல்லாத ஒரு சங்கிலியையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். 6,500 ரூபாய். படத்தைப் பார்த்துவிட்டு மகள், “இது அம்மா இல்லப்பா” என்றாள். அவளோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

அதற்கப்புறம் அவள்தான் டிக்கெட் போட்டு லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். நவம்பர் மாதம். நாலு மணிக்கே இருட்டிவிடும். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனால் மாலை வரை வீட்டில் நான் மட்டும். பக்கத்து நூலகத்தில் எடுத்த விக்டோரிய காலக் கவிதைத் தொகுப்பில் இந்தப் பதினான்கு வரியும் இருந்தன. குறிப்பு எதுவும் இல்லை. கடைசி வரிக்கு வந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. இது இறந்துபோன ஒரு பெண்ணுக்கான இரங்கற்பா என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். எல்லாத் தப்பும் அங்கிருந்துதான் தொடங்கியது.

அன்று இரவே எழுதிய முதல் வரைவில் கடைசி வரிகள் இப்படி இருந்தன: ‘இன்று அவள் இல்லை; நம்பிக்கை ஒளிர்ந்த நாளில் இருந்தாள். இன்று அவள் இல்லை. அவன் கனவில் நிறைந்திருக்கிறாள்.’ படித்துப் பார்த்தால் தமிழில் அழகாகத்தான் இருந்தது. எனக்கே கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீர்தான் என்னை ஏமாற்றியது. மூலத்தில் வரும் ‘அல்ல’ அந்தப் பெண் இருப்பதை மறுக்கவில்லை. படம் அவளைக் காட்டும் விதத்தை மறுக்கிறது. உங்கள் மொழிபெயர்ப்பு உங்களையே அழவைத்தால், உடனே எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து, மூலத்தோடு சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள். நான் அதைச் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அடுத்த தப்பு புத்தகம். இந்தக் கவிதை முதலில் அச்சேறியது 1896இல், கிறிஸ்டினா இறந்து இரண்டு வருடம் கழித்து. அவருடைய அண்ணன்களில் ஒருவரான வில்லியம் மைக்கேல் ரோசெட்டி தொகுத்த ‘நியூ போயம்ஸ்’ என்ற நூலில் அது வந்தது. அந்த முதல் பதிப்பை வைத்துத்தான் வேலை செய்வேன் என்று எனக்கு ஒரு பிடிவாதம். இணையத்தில் ஒருவரிடம் 95 பவுண்டுக்கு வாங்கினேன், அன்றைக்கு 10,000 ரூபாய்க்குப் பக்கம். வந்து சேர்ந்தது பழைய நூலை ஸ்கேன் செய்து புதுத் தாளில் அடித்த நகல். அதிலும் கடைசிப் பக்கங்கள் இல்லை. திருப்பி அனுப்பக் கேட்டேன், பதிலே வரவில்லை. பணம் போனதைவிட அந்தக் கடைசிப் பக்கங்கள் போனதுதான் பெரிய நஷ்டம் என்று அப்போது தெரியவில்லை. வில்லியம் மைக்கேலின் குறிப்புகள் அங்கேதான் இருந்தன. அதே நூல் முழுசாக இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாக இருக்கிறது. பழைய நூல் எதற்கும் காசு கொடுக்கும் முன் அங்கே தேடிவிடுங்கள். விற்பவர் முதல் பதிப்பு என்று சொன்னால் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கவிதையில் வரும் ஓவியர் கிறிஸ்டினாவின் இன்னொரு அண்ணன், டான்டே கேப்ரியல் ரோசெட்டி. அந்த முகம் எலிசபெத் சிடாலுடையது. இவ்வளவையும் இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். தொப்பிக் கடையில் வேலை பார்த்த பெண். சிவந்த செம்புநிறக் கூந்தல். மில்லே என்ற ஓவியர் ‘ஒஃபீலியா’ படத்துக்காக அவரைத் தண்ணீர்த் தொட்டியில் மணிக்கணக்காகப் படுக்கவைத்தார். தொட்டிக்கு அடியில் எரிந்த விளக்குகள் அணைந்துபோனபோதும் அவர் வாய் திறக்கவில்லை, குளிர் கண்டு படுத்துவிட்டார். 1860இல் ரோசெட்டியோடு கல்யாணம். மறுவருடம் குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில் அளவுக்கு மீறி லாடனம் என்ற அபின் மருந்தைக் குடித்து இறந்துபோனார். அப்போது 32 வயது. ரோசெட்டி தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியை அவர் கூந்தலருகே வைத்துப் புதைத்தார். ஏழு வருடம் கழித்து, 1869இல், கல்லறையைத் தோண்டி அதைத் திரும்ப எடுக்கச் சொன்னார். கவிதைகள் 1870இல் நூலாக வந்தன.

இந்தக் கதையைப் படித்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கல்லறையைத் திறந்தபோது கூந்தல் வளர்ந்து பெட்டி முழுக்க நிறைந்திருந்தது என்று பல இடங்களில் எழுதியிருந்தது. அதை அப்படியே என் முன்னுரையில் வைத்தேன். பெட்டியைத் திறந்த இரவு ரோசெட்டி அங்கே போகவே இல்லை. ஏற்பாடு செய்தவர் சார்ல்ஸ் அகஸ்டஸ் ஹவல் என்பவர், கதை கட்டுவதில் பேர் போனவர். அவள் அழகு அழியாமல் இருந்தது என்று அவர் வந்து சொன்னதுதான் கூந்தல் கதையாக வளர்ந்தது. இறந்த உடம்பில் முடி வளராது. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் மனைவியின் தலையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கொட்டியதை என் கையால் எடுத்துப் போட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த வரியை நம்ப வேண்டும் போல இருந்தது. நம்பினேன்.

சிடாலின் கல்லறையைப் பார்க்க லண்டனில் ஹைகேட் என்ற இடத்துக்குப் போனதும் ஒரு பாடம்தான். சுவெயின்ஸ் லேன் என்ற சரிவான சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு மயானம், அந்தப் பக்கம் ஒரு மயானம். நான் கிழக்குப் பகுதிக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, இரண்டு மணி நேரம் சேற்றில் நடந்து, கார்ல் மார்க்ஸ் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தேன். சிடால் இருப்பது மேற்குப் பகுதியில், ரோசெட்டி குடும்பக் கல்லறையில். கிறிஸ்டினாவும் அதிலேதான். போகிறவர்கள் மேற்குப் பகுதி என்று கேட்டு வாங்குங்கள். எந்தக் கல்லறை என்பதையும் வாயிலிலேயே சொல்லி வழி கேட்டுக்கொள்ளுங்கள். டான்டே கேப்ரியலை அங்கே தேட வேண்டாம். அவர் கென்ட் கடற்கரையில் பர்ச்சிங்டன் என்ற ஊரில் தனியாக இருக்கிறார்.

உண்மையில் கண் திறந்த இடம் டேட் பிரிட்டன் கலைக்கூடம். நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ரோசெட்டி தன் மனைவியை நினைத்து வரைந்த ‘பியாட்டா பியாட்ரிக்ஸ்’ அங்கே இருக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன, முகம் சற்றே மேல்நோக்கி, உதடு லேசாகத் திறந்து. சிவப்புப் பறவை ஒன்று அவள் கைகளில் வெள்ளைக் கசகசாப் பூவை இடுகிறது. அந்தச் செடியின் பாலில்தான் அபின் எடுக்கிறார்கள், அதில்தான் லாடனம். அவளைக் கொன்ற மருந்தையே பூவாக்கி அவள் கையில் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தபோது முதுகு சில்லிட்டது. அதன் பின் வெளியே இருந்த கடையில் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். சிடால் தன்னையே வரைந்துகொண்ட சின்ன வட்டப் படம் அதில் இருந்தது. அவரும் ஓவியர்தான், கவிதையும் எழுதினார். அந்தப் படத்தில் தேவதையும் இல்லை, ராணியும் இல்லை. களைத்த, கொஞ்சம் கடுத்த முகம். கண் திறந்து நேராகப் பார்க்கிறது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஊருக்கு வந்து, 58,000 ரூபாய் கொடுத்து, மொழிபெயர்ப்பையும் நீண்ட முன்னுரையையும் படங்களோடு நல்ல தாளில் 300 பிரதி அடித்துவிட்டேன். ஸ்டுடியோவில் வண்ணம் ஏற்றிய என் மனைவியின் படமும் அட்டைக்குள் இருந்தது.

ஒரு பிரதியை, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவருக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். “சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தக் கவிதை எழுதின தேதி பாத்தீங்களா?” என்றார். 1856 டிசம்பர் 24. சிடால் இறப்பதற்கு ஐந்து வருடம் முன்னால். கல்யாணத்துக்கே மூன்றரை வருடம் முன்னால். கவிதை எழுதப்பட்டபோது அவர் 27 வயதில் உயிரோடு இருந்தார். அச்சேறிய வருடத்தை மட்டும் பார்த்து அவரை நான் முன்கூட்டியே சாகடித்திருந்தேன். ஃபோனை வைத்துவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கமா, துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

எந்தக் கவிதையை எடுத்தாலும் எழுதிய தேதி, அச்சான தேதி இரண்டையும் முதல் பக்கத்தில் குறித்துவையுங்கள். இங்கே இரண்டுக்கும் நடுவே 40 வருடம். எழுதிய தேதி தெரிந்ததும் கவிதை தலைகீழாகத் திரும்பியது. ‘காத்திருந்து வெளுத்தவள்’ என்றால் உவமை அல்ல, அந்தப் பெண் வருடக்கணக்காகக் கல்யாணத்துக்குக் காத்திருந்தாள். அவள் உயிரோடு இருக்கிறாள், இளைத்து, நோயோடு. கூடத்துக்குள் அவன் அவளுடைய பழைய முகத்தை உண்டுகொண்டிருக்கிறான். இதில் புகழ்ச்சி எங்கே இருக்கிறது? இது ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காகச் சொல்லும் முறையீடு. இதைச் சொல்லும் கிறிஸ்டினாவும் அந்தக் கான்வாஸில் இருந்தவர்தான். அண்ணனின் ஆரம்பகாலப் படங்கள் இரண்டில் கன்னி மரியாளாக அவர்தான் அமர்ந்திருந்தார். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது எது படத்துக்குள் போகிறது, எது வெளியே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். யார் பேசுகிறார்கள் என்பதை நான் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. ஓவியரின் இடத்தில் என்னை வைத்துப் படித்துவிட்டேன்.

அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக. ‘நாம்’ என்று போட்டிருந்ததை ‘நாங்கள்’ ஆக்கினேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் நாம்தான் முடிவு செய்ய வேண்டும், சாட்சி சொல்ல வந்தவர்கள் ‘நாங்கள் பார்த்தோம்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெண் ஒரு மறைப்புக்குப் பின்னால் இருந்தாள் என்பதை ‘திரைக்குப் பின்னால்’ என்று எழுதியிருந்தேன், படிப்பவருக்குத் துணித் திரையும் சினிமாவும்தான் ஞாபகம் வரும். ‘தட்டி’ என்று மாற்றினேன். ஓபல் கல்லைக் கோமேதகம் ஆக்கியிருந்தேன். கோமேதகம் தேன்நிறம், ஓபல் பால்போல இருந்து நிறம் மாறி மின்னுவது. கோடைப் பச்சை என்று ஒன்றை எழுதியிருந்தேன். இங்கிலாந்தில் கோடை எல்லாம் பசுமையாக இருக்கும் காலம், நம் ஊரில் கோடையில் பச்சையே கருகிப்போகும். ‘புதுத் தளிரின் பச்சை’ என்று வைத்ததும் சரியாக வந்தது. அகராதியைவிட நகைக்கடைக்காரரும் வானிலையும் எனக்கு அதிகம் உதவியது உண்மை.

நிலவு போல அழகு என்ற உவமை தமிழில் தேய்ந்துபோனது என்று எடுத்துவிட நினைத்தேன். நல்லவேளை, பேராசிரியர் தடுத்தார். அது பைபிளில் உன்னதப்பாட்டு ஆறாம் அதிகாரத்தில் வருவது. நம் தமிழ் வேதாகமத்திலும் ‘சந்திரனைப்போல் அழகும்’ என்றே இருக்கிறது. கிறிஸ்டினா தீவிர பக்தை. அந்தக் காலத்து ஆங்கிலக் கவிஞர்களை மொழிபெயர்க்கிறவர்கள் கையில் ஒரு தமிழ் பைபிள் வைத்துக்கொள்ளுங்கள், பாதிச் சொல் அங்கேயே கிடைக்கும்.

என்னை ரொம்ப நாள் உட்கார வைத்தது ‘முகத்தை உண்பது’தான். தமிழில் கண்ணால் பருகுவது வழக்கம் என்று ‘பருகுகிறான்’ போட்டிருந்தேன். ஆனால் உண்பதும் நம்மிடம் இருக்கிறது. கம்பர் மிதிலையில் இராமனும் சீதையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில், கண்ணோடு கண் கவ்வி ஒன்றை ஒன்று உண்டதாகச் சொல்கிறார். ‘ஒன்றை ஒன்று’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே இரண்டு பேரும் உண்கிறார்கள். இங்கே ஒருவன் மட்டும் உண்கிறான், அவள் தீர்ந்துகொண்டே வருகிறாள். பருகுகிறான் என்பதை அடித்துவிட்டு ‘உண்கிறான்’ என்று எழுதிய அன்று சுவரில் இருந்த படத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மகளிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு படம் அனுப்பினாள். கடைசிப் பொங்கலன்று மொட்டைமாடியில் எடுத்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையில் டயாலிசிஸ் ஊசியின் வீக்கத்தோடு, என்னமோ திட்டிக்கொண்டிருக்கிறாள், என்னைத்தான் இருக்கும். அதை சாதாரண அளவில் பிரின்ட் போட்டேன், 40 ரூபாய். பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இருபது ஜெராக்ஸ் எடுத்து, அதில் ஐந்தையாவது தெரிந்தவர்களுக்குக் கொடுத்து, ஒரு மாதம் காத்திருங்கள். அந்த ஐந்தில் ஒன்று, இந்தக் கவிதையை உங்களைவிட நன்றாகப் படித்த ஒருவரிடம் போக வேண்டும். துக்கத்தில் இருக்கும்போது எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுதான் என்னை உயிரோடு வைத்திருந்தது. அச்சடிக்க மட்டும் அவசரப்படாதீர்கள். நான் 1,100 ரூபாயில் முடிக்க வேண்டியதை 58,000க்குச் செய்தேன்.

இப்போது கடைசி இரண்டு வரி இப்படி நிற்கிறது: ‘இப்போது இருப்பவளை அல்ல, நம்பிக்கை ஒளிர்ந்த நாளில் இருந்தவளை, இப்போது இருப்பவளை அல்ல, தன் கனவை நிறைப்பவளை.’ ஆங்கிலத்தில் மறுப்பு வரியின் முதலிலேயே வந்துவிடுகிறது. தமிழில் அது முடியாது, அவள் முதலில் வந்து நிற்கிறாள், பிறகுதான் மறுக்கப்படுகிறாள். அதை நான் இழப்பாக நினைக்கவில்லை. மூலத்தில் கடைசிச் சொல்லான ‘கனவு’ மட்டும் முன்வரிகளோடு இயைபில் சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் விலகி ஒலிக்கும். முதல் வரைவில் எதுகை பொருத்தி அதை மூடியிருந்தேன், இப்போது திறந்துவிட்டேன். ‘நிறைப்பவள்’ என்ற சொல்லில்தான் இன்னும் திருப்தி இல்லை. நிறைப்பது அவளா, நிறைத்துக்கொள்வது அவனா? நேற்றும் அதை அடித்து எழுதிப் பார்த்தேன்.